புதிர் விளையாட்டுகளில் ஆர்வமும் எரிச்சலும் எதனால் வருகின்றன?

கேள்வி:
சில புதிர் விளையாட்டுகளில் ஒரே கட்டத்தில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டாலும் விட்டுவிட மனம் வருவதில்லை. வேறு சிலவற்றிலோ சிறிது நேரத்திலேயே வெறுத்துப்போய் யூடியூபில் விடையைத் தேடிவிடுகிறேன். இரண்டுமே கடினமானவைதாம். அப்படியிருக்க, இந்த வேறுபாடு ஏன்?

மறுமொழி 1:
எரிச்சலுக்குக் காரணம் கடினம் அன்று; தவறு எங்கே நேர்ந்தது என்பது ஆடுபவருக்குத் தெரியாமல் போவதுதான். 1982இல் ஜப்பானில் வெளியான சோகோபானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிடங்கிலுள்ள பெட்டிகளைத் தள்ளலாம், இழுக்க முடியாது. சேரவேண்டிய இடமல்லாத ஒரு மூலையில் பெட்டி போய் ஒட்டிக்கொண்டால் ஆட்டம் முடிந்தது என்பது உடனே புரிந்துவிடும்; மறுபடி தொடங்குவதில் வருத்தமும் இராது. ஆனால் இரண்டு பெட்டிகள் சுவரை ஒட்டி அருகருகே நின்றுவிட்டால், அவற்றை இனி அசைக்க இயலாது என்பது புதிதாக ஆடுபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீதிப் பெட்டிகளையெல்லாம் பாடுபட்டு உரிய இடத்தில் சேர்த்த பிறகே, எப்போதோ தோற்றுவிட்டோம் என்று அவருக்கு உறைக்கிறது. அந்த வீண் உழைப்புதான் பலரை ஆட்டத்தை விட்டே விரட்டுகிறது.

மறுமொழி 2:
அதனால்தான் ஒவ்வோர் அடியையும் வரம்பின்றித் திரும்பப் பெறும் வசதியை நான் பெரிதாக மதிக்கிறேன். 2019இல் வந்த பாபா இஸ் யூ விளையாட்டில் விதிகளே சொற்கட்டைகளாகத் தரையில் கிடக்கின்றன. சுவர் தடையாக இருக்கும் என்று சொல்லும் வரியிலிருந்து ஒரு கட்டையைத் தள்ளி விலக்கினால் போதும், சுவருக்குள்ளேயே நடந்துபோகலாம். தவறினாலும் இழப்பு இல்லை என்பதால், விபரீதமாகத் தோன்றும் யோசனையைக்கூட மனம் துணிந்து முயன்று பார்க்கிறது.

மறுமொழி 3:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்க முடியவில்லை. முயற்சிக்கு விலையே இல்லையென்றால், யோசிப்பதை விட்டுவிட்டு எல்லா வாய்ப்புகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அப்படிக் கிடைத்த விடையில் மகிழ்ச்சி இராது. லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளியான ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் இதை அருமையாகக் கையாள்கிறது. கதையில் வரும் ஓப்ரா டின் என்ற கப்பலில் இருந்த 60 பேரில் ஒவ்வொருவரும் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்று ஆடுபவர் குறித்துக்கொண்டே வரவேண்டும். ஆனால் பெரும்பாலும் மூன்று பேரின் விவரங்கள் சரியாக அமைந்த பிறகே அவை சரியென ஆட்டம் உறுதி செய்கிறது. ஒருவரை ஊகத்தில் பிடித்துவிடலாம், மூவரையும் அப்படிப் பிடிப்பது அரிது. ஆகவே உடையையும் பேச்சையும் ஒருவர் யாரோடு நிற்கிறார் என்பதையும் உற்றுநோக்கியே ஆகவேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நான் பாதியில் கைவிட்ட விளையாட்டில் திரும்பப் பெறும் வசதியும் இல்லை, தவறு எங்கே என்பதற்கான அடையாளமும் இல்லை. அதை விட்டுவிட்டு முதலில் ஓப்ரா டின்னை ஆடிப் பார்க்கிறேன்.