ஒரே ஆய்வை மூன்று கட்டுரையாக்குவது: கலைச்சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் தங்கள் ஆய்வேட்டை இதழ்க் கட்டுரையாக்க ஒரு கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்னாய்வுகள் அத்தியாயத்தை இரண்டு பத்தியாகச் சுருக்குவது, யார் பெயர் ஆசிரியராக வரலாம் என்பது எல்லாம் எழுதியாச்சு. நீரிழிவு நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு சொல்லிக்கொடுத்து அறிவு, மனப்பாங்கு, நடைமுறை மூன்றையும் ஒரே ஆய்வில் அளந்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி இதழுக்கு அனுப்புகிறார்களே, ஆங்கிலத்தில் சலாமி ஸ்லைசிங், அதாவது சலாமி என்ற இறைச்சியை மெல்லிசாக நறுக்குவது, அதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

தேவகோட்டையிலிருந்து:
கூறுபோடல். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு போட்டு விற்பதைப் பார்க்காத மாணவி உண்டா? பழைய சொல்லும்கூட. மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்று நாட்டைப் பிரித்ததும் இதே கூறுதான். உடலையும் உயிரையும் கூறாக்குவதால்தான் எமனுக்கும் கூற்றம் என்று பெயர். இன்னும் பின்னால் போனால்...

கோட்டையூரிலிருந்து:
எமன் வரைக்கும் போக வேண்டாம். கூறு என்றால் சொல் என்றும் பொருள், மாணவி குழம்புவாள். புதிதாக எதற்கு? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்தில் ‘கூறியது கூறல்’ இருக்கிறதே, அதையே வைக்கலாம்.

காரைக்குடியிலிருந்து:
அண்ணே, அது பொருந்தாது. வெளிவந்ததையே மறுபடி வெளியிட்டால்தான் கூறியது கூறல். இங்கே ஒவ்வொரு துண்டிலும் புதிதாகக் கொஞ்சம் இருக்கும், ஆனால் எதுவும் முழுசாக இருக்காது. அதே பத்தில் உள்ள குன்றக் கூறல், அதாவது குறைவாகச் சொல்வது, என்றாலாவது கிட்ட வரும். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடுகிறவர் இந்த மூன்றையும் தனித்தனி ஆய்வு என்று நம்பி அதே நோயாளிகளை மூன்று தரம் எண்ணிவிடுவார், எனக்கு அந்தப் பயம்தான்.

பள்ளத்தூரிலிருந்து:
பிரிப்பதெல்லாம் தப்பு என்று எழுதிவிடாதீர்கள். எண்களை வைத்து ஒரு கேள்வி, நேர்காணலை வைத்து வேறு கேள்வி என்றால் இரண்டு கட்டுரை நியாயம். இன்னொன்றும் இருக்கிறது என்று இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கம் கல்யாணமான பிள்ளையை அதே வீட்டுக்குள் வேறு வைப்போமே, அடுப்பு தனி, உறவு எல்லாருக்கும் தெரியும். நியாயமான பிரிவுக்கு ‘வேறுவைத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

கோட்டையூரிலிருந்து:
ஆச்சி, மதுரைக்குத் தாண்டினால் அது யாருக்குப் புரியும்?

தேவகோட்டையிலிருந்து:
சலாமி மட்டும் புரியுமா? அந்த இறைச்சியை நம் மாணவிகள் எங்கே பார்த்தார்கள்? தமிழ்த்தாய்க்குக் கோயில் கட்டிய ஊரிலிருந்து போகும் கையேட்டில் அந்தச் சொல் தலைப்பாக வரவே கூடாது. வேண்டுமானால் கூறிடல் என்று செம்மையாக்குங்கள்.

காரைக்குடியிலிருந்து:
கூறிடல் வாயில் வரவில்லை ஐயா. ‘கூறுபோடல்’ என்றே போடுகிறேன். மாணவிகள் இணையத்தில் தேட வேண்டியிருப்பதால் சலாமி ஸ்லைசிங் என்பதையும் ஒரு தடவை பக்கத்தில் சேர்க்கிறேன். ஆச்சி சொன்ன வேறுபாடு ஒரு பத்தியாக வரும், சொல் வராது.

கோட்டையூரிலிருந்து:
சரி, அச்சுக்கு அனுப்புங்கள். கூறு குழப்பும் என்றுதான் இன்னும் சொல்கிறேன். மாணவிகளிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பதிப்பில் பேசுவோம்.