எஸ்.ஏ.டி. எழுதாமல் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

தபால்பை (முல்லைத்தீவு)

வணக்கம். நான் தபால்காரன். முன்பெல்லாம் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கொண்டுபோகும் வீட்டில் தேநீர் குடிக்காமல் திரும்பியதில்லை. இப்போது எல்லாரும் இணையத்திலேயே பார்த்துவிடுகிறார்கள், தேநீரும் போய்விட்டது.

மகளுக்கு இந்த நவம்பரில் உயர்தரப் பரீட்சை, கணிதப் பிரிவு. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனரின் மகன், ‘முழு உதவித்தொகை கொடுக்கும் கல்லூரிகள் உண்டு மாமா, விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்’ என்கிறான். கொரோனாவோடு எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி அனுமதிப் பரீட்சை போய்விட்டது என்று முதலில் சொன்னவனும் அவன்தான். இப்போது திரும்ப வந்துவிட்டது என்கிறான். எது உண்மை?

பரீட்சைக் கட்டணம் 100 டொலருக்கு மேல். கொழும்பில்தான் எழுத வேண்டும். இரண்டு பேருக்கு இரவு பஸ், ஒரு நாள் தங்கல், சாப்பாடு. என் சம்பளத்தில் இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு.

பக்கத்து வீட்டு மடிக்கணினியில் மாதிரிப் பரீட்சை ஒன்று செய்து பார்த்தாள். அதன் பற்றரி பத்து நிமிடம் தாங்காது. குசினி யன்னலால் வயர் இழுத்து, நான் கோழிகளை விரட்டிக்கொண்டு வெளியே நின்றேன். ஆங்கிலப் பகுதி முதலில் வருகிறது. நாலு வரிப் பந்தி, நடுவில் ஒரு வெற்றிடம், அதில் ‘ஆனால்’ வருமா ‘ஆகவே’ வருமா என்று கேள்வி. பிள்ளை அங்கேதான் இடறினாள். கணக்குக்கு வந்ததும் முகமே மாறிவிட்டது, நேரம் மிச்சம். முடிவு: கணக்கு 720, ஆங்கிலம் 530. மொத்தம் 1600க்கு 1250. இதை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போவதா, விடுவதா?

பாலியாறு (மாசசூசெட்ஸ்)

அண்ணை, உங்கள் மருமகன் இரண்டு தரமும் பொய் சொல்லவில்லை. 2020இல் பெரும்பாலான கல்லூரிகள், புள்ளியை விரும்பினால் அனுப்பலாம் என்று விட்டன. 2022இல் எம்.ஐ.டி. திரும்பக் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட் எல்லாம் வரிசையாக வந்தன. இவற்றில் யேல், எஸ்.ஏ.டி.க்குப் பதிலாக ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பரீட்சை போன்ற வேறு பரீட்சைகளையும் ஏற்கிறது. ஹார்வர்ட், எஸ்.ஏ.டி. எழுதவே வழியில்லாத பிள்ளைகளிடம் நாட்டின் இறுதிப் பரீட்சைப் பெறுபேற்றை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரவு பஸ்ஸில் போய்ச்சேரும் தூரத்தை ‘வழியில்லை’ என்று ஒத்துக்கொள்வார்கள் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் (யு.சி.) புள்ளியைப் பார்ப்பதே இல்லை. அதைக் கேட்டுச் சந்தோசப்படாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே பண உதவியும் பெரிதாக இல்லை. உங்களுக்குத் தேவை வேறு வகை: வெளிநாட்டுப் பிள்ளையானாலும் குடும்பத்தின் பண நிலையைப் பார்த்துத் தள்ளாமல், தேவையான முழு உதவியும் கொடுக்கும் இடங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன் என்று விரல்விட்டு எண்ணலாம். மேய்ன் மாநிலத்தில் இருக்கும் போடன், 1969இலிருந்தே புள்ளியைக் கட்டாயப்படுத்தாத கல்லூரி. எஸ்.ஏ.டி. இல்லாமல் முயற்சி செய்ய அதுவாவது உண்டு.

1250ஐ மறைப்பதா காட்டுவதா என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். டார்ட்மத் பரீட்சையைத் திரும்பக் கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணமே இதுதான்: வசதி குறைந்த பிள்ளைகள், தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய புள்ளிகளைக் குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டார்கள். பாஸ்டனில் டியூசன் எடுத்த பிள்ளையின் 1400ம் உங்கள் மகளின் 1400ம் அங்கே ஒன்றல்ல. 1250 இந்த இடங்களுக்குப் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குறைவது முழுவதும் ஆங்கிலத்தில். அது ஏற்றக்கூடிய குறை.

நெடுங்கேணியான்

எல்லாரும் பிள்ளைக்குத் தராசு பிடிக்கிறார்கள். எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்துத் தரப்படுத்தல் என்று வந்தது, பிறகு உயர்தரப் பெறுபேற்றை ஒப்பிடும் இசட் புள்ளி, இப்போது வெள்ளைக்காரனின் தராசு. 100 டொலருக்கு எங்கள் பக்கம் எத்தனை மூட்டை உரம் வாங்கலாம் என்று பாருங்கள். பிள்ளை உயர்தரத்தைப் படிக்கட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே பொறியியல் பீடம் இருக்கிறது.

கணக்கு டீச்சர் (வவுனியா)

நெடுங்கேணி அண்ணா, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். மொழிவாரித் தரப்படுத்தல் வேறு, மாவட்ட ஒதுக்கீடு வேறு. இன்றைக்கும் கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்டத்துக்கு. மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் வவுனியாவும் அதற்குள் இருக்கின்றன. அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் என் மாணவர்களில் பாதிப்பேர் அறிவியல் நகரை பஸ் யன்னலால்தான் பார்த்திருப்பார்கள். வெட்டுப்புள்ளிக்கு ஒரு தசமம் குறைந்தாலும் வாசல் பூட்டு என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை எந்த மாவட்டம் என்பது இங்கே விதிக்குள் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் அது விண்ணப்பத்தை வாசிப்பவரின் மனத்தில் இருக்கிறது. எனக்கு எழுதியிருப்பதில்தான் நம்பிக்கை கூட.

தபால் அண்ணா, என் கருத்து: இந்த வருடம் எஸ்.ஏ.டி.யைத் தொடவே வேண்டாம். நவம்பரில் உயர்தரம், ஜனவரி தொடக்கத்தில் அந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் திகதி. இரண்டையும் ஒன்றாக இழுத்தால் இரண்டும் அறும். உயர்தரம் முடிந்து இங்கே பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பிள்ளைகள் எவ்வளவு காலம் வீட்டில் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஆங்கிலம் படிக்கட்டும். கான் அகாடமி இணையத்தளத்தில் இலவசப் பயிற்சி இருக்கிறது. அடுத்த ஓகஸ்டில் எழுதி, அதற்கடுத்த ஜனவரிக்கு விண்ணப்பிக்கலாம். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது.

முக்கியமான இன்னொன்று. பரீட்சை 2 மணி 14 நிமிடம், முழுக்க மடிக்கணினியில். மண்டபத்தில் மின்செருகி கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. இடையில் இணையம் அறுந்தால் பரவாயில்லை, பற்றரி அறுந்தால் கதை முடிந்தது. அந்தப் பக்கத்து வீட்டு இயந்திரத்தோடு கொழும்புக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்.

தபால்பை (முல்லைத்தீவு)

எல்லாருக்கும் நன்றி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் சொன்னபடியே செய்கிறாளாம், உயர்தரம் முடியட்டுமாம். மைத்துனரின் மகனிடம் பணம் வேண்டாம், பற்றரி தாங்கும் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால் கோடைக்கு ஊர் வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நெடுங்கேணி அண்ணை, உங்கள் பக்கம் உரம் என்ன விலைக்குக் கிடைக்கிறது?