சொகுசு டீசல் எஸ்யூவி: கூடக் கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

மலைப்பாதை கேட்டது:

வணக்கம். ஏழு பேர் உட்கார்கிற எஸ்யூவி ஒன்று எடுக்கணும். மூணு வழி இருக்கு. ஒண்ணு, சாதாரண கம்பெனியோட டீசல் எஸ்யூவி. இன்னொண்ணு, சொகுசு கம்பெனியோட பெட்ரோல் வண்டி. மூணாவது, அதே சொகுசு வண்டியில 3.0 லிட்டர் டீசல், விலை அதைவிடக் கூட. வருஷத்துக்கு 18,000 கி.மீ. போல ஓடும். பாதி நெடுஞ்சாலை, பாதி ஊருக்குள்ள. முழு ஆட்களோட மலை ஏறுறதும் அடிக்கடி உண்டு. ஏழெட்டு வருஷம் வெச்சுக்கிற எண்ணம்.

டீசலுக்குன்னு கூடக் கொடுக்கிற காசு திரும்ப வருமா? டிபிஎஃப் (டீசல் புகை வடிகட்டி), ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ற திரவம்) பத்தி ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எதை நம்புறதுன்னு தெரியல. நாலு வருஷம் ஓடின வண்டியா எடுத்தா எப்படி? கணக்கோட சொன்னா உதவியா இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை:

இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கேட்கிறீர்கள். அவற்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒன்று. சாதாரண வண்டிக்கும் சொகுசு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் வேறு. முதலாவதை எரிபொருளில் திரும்ப எடுக்க வழி உண்டு. இரண்டாவதை எந்த மைலேஜும் திருப்பித் தராது.

முதல் கணக்கைப் பணத்தில் போடாமல் பெட்ரோல் லிட்டரில் போடுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் கணக்கு அவ்வளவாகக் கெடாது. உதாரணத்துக்கு, 2.2 டன் வண்டி. பெட்ரோல் 100 கி.மீ.க்கு 11.5 லிட்டர், டீசல் 8.2 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். டீசல் விலை பெட்ரோலில் 92 சதவீதம் என்றால் 8.2 லிட்டர் டீசல் என்பது 7.54 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். மிச்சம் 3.96 லிட்டர். இதில் ஆட்ப்ளூவைக் கழிக்க வேண்டும். 1,000 கி.மீ.க்கு 1.5 லிட்டர் செலவாகி, விலை பெட்ரோலில் பாதி என்றால் 100 கி.மீ.க்கு 0.08 போகும். கைக்கு நிற்பது 3.88 லிட்டர்.

டீசலுக்குக் கேட்கும் கூடுதல் விலை 4,000 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம் என்றால், அது திரும்ப 1,03,000 கி.மீ. ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு 5.7 வருடம். இரண்டு எரிபொருளும் ஒரே விலை என்றால் 1,24,000 கி.மீ., கிட்டத்தட்ட ஏழு வருடம். கூடுதல் விலை இதில் பாதி என்றால் மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். எனவே உங்கள் இடத்து விலைகளைப் போட்டுப் பார்க்காமல் "டீசல்தான் லாபம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மைலேஜ் எண்ணையும் விளம்பரத்திலிருந்து எடுக்க வேண்டாம். அதே இன்ஜின் உள்ளவர்கள் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்கிட்ட எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வித்தியாசத்தைச் செலவாகவே எழுதுங்கள். இன்சூரன்ஸ், 20, 21 அங்குல டயர், பிரேக் டிஸ்க் எல்லாமே வண்டியின் புது விலையை ஒட்டியே வரும். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு மதிப்புத் தேய்வு. பெட்ரோல் பங்க்கில் சேமிப்பதை அது ஒரே வருடத்தில் விழுங்கிவிடும்.

---

பட்டறைக்காரன்:

கணக்கு சரி. ஆனால் அந்த 3.88 லிட்டர் கையில் நிற்குமா என்பதை வருஷ ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஓட்டமும் எத்தனை கி.மீ. என்பதுதான் முக்கியம்.

டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நெடுஞ்சாலையில் புகைக்குழாய் நன்றாகச் சூடேறியிருக்கும்போது கரியில் ஒரு பங்கு தானாக எரியும். மீதியை எரிக்க, சில நூறு கி.மீ.க்கு ஒருமுறை இன்ஜினே கூடுதல் டீசலைப் பீய்ச்சி வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். இதை ரீஜெனரேஷன் என்பார்கள். முடிய 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். ஊருக்குள் 5 கி.மீ. போய் அணைத்தால் பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும்.

இதில் பலர் கவனிக்காதது இன்ஜின் ஆயில். பெரும்பாலான கார்களில் அந்தக் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்தான் தெளிக்கப்படுகிறது. எரியாத பங்கு சுவரோடு வழிந்து ஆயிலில் கலக்கும். ரீஜெனரேஷன் பாதியில் நிற்க நிற்க ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் *ஏறும்*. நீர்த்த ஆயிலோடு ஓடினால் டர்போ பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் தேயும். ஆகவே ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

ரீஜெனரேஷன் நடப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சிக்னலில் இன்ஜின் தானாக அணைவது நின்றுவிடும், ஐடில் வேகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடும், அந்தந்த நேரத்து மைலேஜ் சரியும், நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றும். இதைக் கண்டால் அணைக்காமல் இன்னொரு 15 நிமிடம் ஓட்டுங்கள். கியரை ஒரு படி இறக்கி 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் சீராக வைத்தால் போதும். டிபிஎஃப் விளக்கு எரிந்த பிறகும் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் கரி அளவு மீறிவிடும். அப்புறம் ஸ்கேனர் மாட்டித்தான் எரிக்க வேண்டும். அதுவும் முடியாத நிலை வந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் இன்ஜின் ஆயிலில் உள்ள சேர்மானங்களிலிருந்து வருகிறது. அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள்: பென்ஸில் 229.51 அல்லது 229.52, பிஎம்டபிள்யூவில் லாங்லைஃப்-04, ஃபோக்ஸ்வாகன், ஆடியில் 507.00 என்று டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும். இந்தத் தர எண் பார்க்காமல் 5டபிள்யூ-30 என்ற தடிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் குறையும். கம்பெனி 25,000, 30,000 கி.மீ. என்று சொன்னாலும் ஊர் ஓட்டம் கலந்திருந்தால் 10,000 முதல் 12,000-க்குள் மாற்றுங்கள். ஒரு டர்போ விலைக்கு முன்னால் அது சின்னச் செலவு.

ஆட்ப்ளூ 32.5 சதவீத யூரியாவும் சுத்திகரித்த தண்ணீரும்தான். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அது குறைக்கிறது. கெடுவது பெரும்பாலும் அந்தத் திரவம் அல்ல, அதைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அந்த ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரும்தான். இன்ஜெக்டர் வாயில் வெள்ளைப் படிகம் கட்டும். மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த கேன், வெயிலில் வைத்த கேன் இரண்டும் வேண்டாம். எச்சரிக்கையைப் பார்த்தும் நிரப்பாமல் டேங்க் காலியானால், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நிற்காது, ஆனால் அணைத்தபின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

---

நேர்கோட்டு ஆறு:

பட்டறைக்காரன் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் படிப்பவர்களுக்குப் பெட்ரோலில் தொல்லையே இல்லை என்று தோன்றிவிடும். நேரடி ஊசி பெட்ரோல் இன்ஜினில் இன்டேக் வால்வில் கார்பன் படியும், கழுவ எரிபொருள் அந்தப் பக்கம் வருவதில்லை. புதிய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் துகள் வடிகட்டியும் உண்டு.

இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு டீசலை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு எண்ணே சாட்சி. 2018-ல் வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ஐ எடுங்கள். பெட்ரோல் மாடல் (40i) 340 குதிரைசக்தி, 450 நியூட்டன் மீட்டர். டீசல் மாடல் (30d) 265 குதிரைசக்திதான், ஆனால் 2,000 ஆர்பிஎம்மிலேயே 620 நியூட்டன் மீட்டர். ஏழு பேரோடு கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது வேலை செய்வது அந்த 620. பெட்ரோலும் ஏறும், கியரை இறக்கி ஆர்பிஎம்மை ஏற்றி ஏறும். பாரமும் ஏற்றமும் கூடக் கூட இரண்டுக்கும் உள்ள மைலேஜ் இடைவெளியும் விரியும்.

ஒப்பிட, ஃபார்ச்சூனர் 2.8 ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் இருக்கிறது. இழுவைக்குக் குறைவே இல்லை. சொகுசு வண்டியில் கூடக் கொடுக்கும் காசு இழுவைக்குப் போகவில்லை, அமைதிக்குப் போகிறது. நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே அதிர்வைத் தனக்குள் சமன் செய்துகொள்ளும். நான்கு சிலிண்டரை அப்படி ஆக்க பேலன்ஸ் ஷாஃப்ட் வேண்டும். அதோடு இரட்டை அடுக்குக் கண்ணாடி, கேபினுக்கு முன் தடித்த சத்தத் தடுப்பு, ஏர் சஸ்பென்ஷன், லேடர் சட்டம் இல்லாத உடல். ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுபவருக்கு இது உடம்பில் தெரியும். அரை மணி ஓட்டத்தில் தெரியாது. எனவே சோதனை ஓட்டத்தை ஷோரூமைச் சுற்றி முடிக்காமல், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரமாவது கேளுங்கள். பின்வரிசையிலும் உட்கார்ந்து பாருங்கள், மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் முழங்காலை எங்கே வைப்பார்கள் என்றும் பாருங்கள். விலையுயர்ந்த வண்டிகள் சில இந்த இடத்தில்தான் சாதாரண வண்டியிடம் தோற்கின்றன.

சொகுசு வண்டியிலேயே 2.0 டீசல் எடுத்துக் காசை மிச்சம் பிடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நெடுஞ்சாலையில் மைலேஜ் பெரிதாகக் கூடாது, நீங்கள் எதற்காகக் கூடக் கொடுத்தீர்களோ அந்த அமைதி போய்விடும்.

---

மலைப்பாதை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஊருக்குள்ள ஒரு தடவைக்கு 4, 5 கி.மீ.தான். ஆனா வாரக் கடைசியில 80 கி.மீ.க்குக் குறையாம நெடுஞ்சாலையில போவேன். இது டிபிஎஃப்புக்குப் போதுமா? பழைய வண்டி பார்க்கும்போது என்னென்ன செக் பண்ணணும்?

---

பட்டறைக்காரன்:

வாரம் ஒருமுறை அவ்வளவு தூரம் என்றால் போதும், தாராளமாகப் போதும். ஊருக்குள் பாதியில் நின்ற ரீஜெனரேஷன் அந்த ஓட்டத்தில் முடிந்துவிடும். அந்த வார ஓட்டம் நின்றுபோகும் வாய்ப்பு இருந்தால் பெட்ரோல் அல்லது ஹைபிரிட் பக்கம் போய்விடுங்கள். இன்னொன்று, நீங்கள் போகிற நகரங்களில் டீசலுக்குக் கட்டுப்பாடு வருகிறதா என்று பாருங்கள். ஏழெட்டு வருடம் கழித்து விற்கும்போது விலையைத் தீர்மானிப்பது அதுதான். வால்வோ 2024-லேயே டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது, போக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்.

பழைய வண்டியில் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். வண்டி விலைதான் பாதியாகிறது, பாகங்களின் விலை புது வண்டி விலைதான்.

பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில் டைமிங் செயின் சலசலப்பு கேட்டால் விட்டுவிடுங்கள். பிஎம்டபிள்யூவின் 3.0 லிட்டர் டீசலான பி57 போன்ற இன்ஜின்களில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது, அதைத் தொடவே பெரிய வேலை.

புகைக்குழாய் உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். டிபிஎஃப் நன்றாக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். மை மாதிரி கரி ஒட்டினால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே இருப்பதை உருவிவிட்டார்கள்.

ஸ்கேனர் மாட்டாமல் வாங்கவே வாங்காதீர்கள். கேட்க வேண்டியவை: வடிகட்டியில் கரி எத்தனை கிராம், சாம்பல் எத்தனை கிராம், கடைசி ரீஜெனரேஷன் முடிந்து எத்தனை கி.மீ., சராசரியாக எத்தனை கி.மீ.க்கு ஒன்று. 100, 150 கி.மீ.க்கு ஒருமுறை எரிகிறது என்றால் அந்த வண்டி ஊருக்குள்ளேயே ஓடியது, அல்லது டீசல் இன்ஜெக்டர், இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுவது) எங்கோ கோளாறு. ஒவ்வொரு டீசல் இன்ஜெக்டரின் திருத்த அளவையும் (கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நின்றால் செலவு காத்திருக்கிறது. பழுதுக் குறியீடே இல்லை, ஆனால் சுய பரிசோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள்.

கூலன்ட் மட்டம் குறைந்திருந்தால் காரணம் தெரியாமல் நகர வேண்டாம். இஜிஆர் கூலர் கசிந்தால் கூலன்ட் கரியோடு சேர்ந்து படியும், சூட்டில் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இதற்காகவே 2018-ல் பிஎம்டபிள்யூ உலகெங்கும் சுமார் 16 லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியின் சேஸி எண்ணைக் கொடுத்து, அது எந்தக் கம்பெனி வண்டியானாலும், நிலுவையில் ஏதாவது திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள்.

ஏர் சஸ்பென்ஷனை ஒரு இரவு நிறுத்திப் பார்க்க வேண்டும். சமதரையில் விட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் ரப்பர் பையில் கசிவு. கசிவை அப்படியே விட்டால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் எரியும்.

டயர் நான்கும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானமா? நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் வண்டியில் டயர் சுற்றளவு மாறினால், அந்தச் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் சும்மா உரசிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், வண்டி விக்கி விக்கிப் போனால் அதன் அறிகுறி.

---

கணக்குப்பிள்ளை:

ஒரு வரி சேர்க்கிறேன். எட்டு வேக இசட்எஃப் கியர்பாக்ஸ் உள்ள வண்டியில் "ஆயில் வாழ்நாள் முழுவதும் போதும்" என்று விற்பவர் சொல்வார். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் சொல்வது 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு வருடம். நான்கு வருடப் பழைய வண்டி 80,000-ஐ நெருங்கியிருந்து மாற்றிய ரசீது இல்லையென்றால், அந்த வேலை, நான்கு டயர், பிரேக் டிஸ்க் மூன்றின் செலவையும் டீலரிடம் எழுத்தில் வாங்கி, கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.