'உயிரிக் கண்காணிப்பு' வேண்டாம், 'காவலுயிரி' என்போம்

வணக்கம்.

குடிநீரின் தரத்தைச் சிற்றுயிர்களைக் கொண்டு இடைவிடாமல் கவனிக்கும் முறைக்கு நண்பர் 'உயிரிக் கண்காணிப்பு' என்று முன்மொழிந்திருக்கிறார்; 'நீர்காட்டி', 'நஞ்சளவி' என்பவையும் பேச்சில் உள்ளன. முதல் சொல்லை வாசிப்பவர் இரண்டாம் வேற்றுமைத் தொகையாக, உயிரியைக் கண்காணித்தல் என்றே பிரிப்பார். இங்கே கண்காணிக்கப்படுவது நீர், கண்காணிப்பதுதான் உயிரி. 'நீர்காட்டி'யோ, ஒற்று ஒன்று கூடிக் கால் ஒன்று விழுந்தால் மகப்பேறு மருத்துவரின் நீர்க்கட்டியாகிவிடும். வேலூர் அச்சகங்களை அறிந்தவன் என்பதால் அதில் நான் இறங்க மாட்டேன்.

'நஞ்சளவி' என்ற மூன்றாவது சொல்தான் யோசிக்க வைத்தது. இத்தகைய சோதனைகளில் பயன்படும் நீர்த்தெள்ளு (டாஃப்னியா என்னும் சிற்றுயிர்) பெரும்பாலும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வளராது. உடல் கண்ணாடிபோல் இருப்பதால் இதயம் துடிப்பது நுண்ணோக்கியில் தெரியும். சோதனைக்கு வளர்க்கும் தெள்ளுகள் நலமாக உள்ளனவா என்று பார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஒப்பீட்டு நஞ்சு பொட்டாசியம் டைகுரோமேட், அதாவது ராணிப்பேட்டையில் கழிவுக் குவியலாகக் கிடக்கும் அதே குரோமியத்தின் உப்பு. 24 மணி நேரத்தில் பாதித் தெள்ளுகளை அசைவிழக்கச் செய்ய லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராம் வரை அந்த உப்பு தேவைப்படும். அதில் குரோமியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்று கழித்துப் பார்த்தாலும், குடிநீருக்கான இந்திய வரம்பாகிய 0.05 மில்லிகிராமைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வருகிறது. நீந்தும் வேகம் அதற்கு முன்பே மாறக்கூடும் என்றாலும், வரம்பை ஒட்டிய அளவைச் சொல்லும் கருவி அதுவன்று. அளவி என்று பெயரிட்டால் பொய்யாகும்.

வாணியம்பாடியில் என் பாட்டி கிணற்றில் கெண்டை விட்டிருந்தார். காலையில் ஒன்று மிதந்தாலும் அன்று யாரும் தண்ணீர் சேந்தக் கூடாது. காரணம் தோல் பதனிடும் தொட்டித் தண்ணீரா, வேறெதுவா என்று மீன் சொல்லாது, அவரும் கேட்கவில்லை. காவற்காரனும் திருடனின் பெயரைச் சொல்வதில்லை, சத்தம் போடுகிறான். யாரென்று பார்ப்பது ஆய்வகத்தின் வேலை. ஆகவே 'காவலுயிரி' என்பேன். முறைக்குக் 'காவலுயிரிவழி நீர்க்கண்காணிப்பு'. நீர்த்தெள்ளை 'நீர்ப்பூச்சி' என்பதையும் விட்டுவிடலாம், அது இறாலின் இனம்.

போலந்தின் வார்சாவில் ஓட்டில் உணரி ஒட்டிய நன்னீர் மட்டிகள் இவ்வேலையைச் செய்கின்றன. அங்குள்ள பொறியாளர் தமிழில் குறிப்பெழுதினால், "காலை 4.10: காவலுயிரிகள் ஓடு மூடின; நீரேற்றம் நிறுத்தப்பட்டது" என்று எழுதலாம். இதைவிடச் சுருக்கமாக எழுத உதவும் சொல் இருந்தால் என் சொல்லை விட்டுவிடுகிறேன்.