பழைய அனல் திரும்பும்வரை ஊழியத்தை நிறுத்திவைக்கலாமா?

கேள்வி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், பாடல் குழுவிலும் இருக்கிறேன். இரட்சிக்கப்பட்ட புதிதில் இதையெல்லாம் செய்ய மனம் துடிக்கும், பாடத்துக்கு ஆயத்தமாகும்போதே கண் கலங்கிவிடும். இப்போது சனிக்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பழைய நோட்டைத் திறந்து, போன வருஷம் சொன்ன கதையையே மறுபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜெபத்தில் உட்கார்ந்தால் வாய் பேசுகிறது, மனம் எங்கேயோ இருக்கிறது. பெரிய பாவம் எதிலும் விழவில்லை, விசுவாசமும் போகவில்லை, ஆனால் அனல் இல்லை. முன்னால் நின்று பாடும்போது மாய்மாலம் பண்ணுகிறேனோ என்று உறுத்துகிறது. அந்த அனல் திரும்பும்வரை எல்லாவற்றையும் விட்டு விலகி இருக்கலாமா? 'இன்னும் அதிகமாக ஜெபம் பண்ணுங்கள்' என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1:

சிஸ்டர், முதலில் நன்றாகத் தூங்குகிறீர்களா? கேட்கவே வேண்டிய கேள்வி இது. 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்கிறான். தேவதூதன் வந்து கடிந்துகொள்ளவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவும் இல்லை. எழுந்திருந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துத் தூங்கினான், அப்புறம் தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். உடம்பு ஓய்ந்துபோனதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு தன்னையே குற்றப்படுத்திக்கொள்கிற ஊழியக்காரர்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. சபையில் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள், தப்பே இல்லை.

பதில் 2:

ஓய்வு வேண்டும் என்பது சரி. ஆனால் 'அனல் வந்தால்தான் செய்வேன்' என்று காத்திருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'தேவவரத்தை நீ அனல்மூட்டி எழுப்பிவிடு' என்று பவுல் தீமோத்தேயுவுக்கு நினைப்பூட்டுகிறாரே (2 தீமோத்தேயு 1:6), வரம் போய்விட்டது என்று அங்கே சொல்லவில்லை, மறுபடி வாங்கிக்கொள் என்றும் சொல்லவில்லை. உள்ளே இருக்கிறது, மூட்டு என்கிறார். அதற்கு முந்தின வசனங்களையும் விட்டுவிடாதீர்கள். உன் கண்ணீரை நினைக்கிறேன், இரவும் பகலும் உனக்காக ஜெபிக்கிறேன், உன் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உனக்குள்ளும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் அனல்மூட்டச் சொல்கிறார். அதனால் தனியாக அறைக்குள் உட்கார்ந்து உணர்ச்சியை வரவழைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கண்ணீரைத் தெரிந்த ஒருவரிடம், மூத்த விசுவாசியோ போதகரோ, இங்கே எழுதினதை அப்படியே சொல்லி அவரையும் கூட ஜெபிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. லேவியராகமம் 6-ல் பலிபீடத்து அக்கினி அவியக்கூடாது என்ற கட்டளை எல்லாருக்கும் தெரியும், அதைச் சுற்றி இருக்கிற வேலையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. ஆசாரியன் சாம்பலை எடுத்து, உடை மாற்றி, பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பீடத்தில் காலைதோறும் புது விறகு போட வேண்டும். பாடல் குழுவில் யார்மேலாவது மனக்கசப்பு இருக்கிறதா? உழைத்ததற்கு ஒரு நன்றிகூட வரவில்லை என்ற வருத்தம் உள்ளே கிடக்கிறதா? அந்தச் சாம்பலை அப்படியே வைத்துக்கொண்டு மேலே மேலே விறகு அடுக்கினால் புகைதான் வரும். உங்களுக்குச் சொல்லப்பட்ட 'இன்னும் ஜெபம் பண்ணு' பலன் கொடுக்காததற்கு இதுகூட ஒரு காரணமாக இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

இரண்டு பேருக்கும் நன்றி. கசப்பு இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு சந்தேகமும் வருகிறது. பாடல் குழுவுக்குப் போகும்போது இருக்கிற பாரம் பிள்ளைகளிடம் போகும்போது இல்லை. பழைய நோட்டுதான், ஆனாலும் ஒரு பிள்ளை கை தூக்கி 'யோனா மீன் வயிற்றுக்குள் என்ன ஜெபம் பண்ணினான்?' என்று கேட்டால் அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருக்கிறது. அப்படியென்றால் பாடுவது எனக்கு வரமே இல்லையா?

பதில் 3:

அந்தப் பிள்ளையின் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்! யோனா 2 முழுவதும் அந்த ஜெபம்தான், வருகிற வாரம் அதையே பாடமாக எடுங்கள், பழைய நோட்டு தேவைப்படாது.

பாடுவது வரமா இல்லையா என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பாட்டால் யாருக்காவது ஆறுதல் கிடைத்ததா என்று சபையில் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள், 1 பேதுரு 4:10-ன்படி வரம் ஒருவருக்கொருவர் உதவி செய்யத்தானே கொடுக்கப்பட்டிருக்கிறது. ரோமர் 12-ல் போதிக்கிறவன் பக்கத்திலேயே பகிர்ந்து கொடுக்கிறவனும் இரக்கஞ்செய்கிறவனும் வருகிறார்கள். யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொன்ன பெசலெயேல் பொன், வெள்ளி, மர வேலை செய்த கைவினைஞன். மேடை ஏறினால்தான் ஊழியம் என்று நாமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், அதில் எத்தனையோ பேர் நசுங்கிப்போகிறார்கள்.

மாமனார் எத்திரோ மோசேயிடம் 'நீர் செய்கிற காரியம் நல்லதல்ல' என்று சொன்னபோது ஊழியத்தையே விடச் சொல்லவில்லை, பாரத்தைப் பகிரச் சொன்னார். எனக்குத் தோன்றுவது இதுதான்: பாடல் குழுவிலிருந்து கொஞ்ச காலம் விடுப்பு கேளுங்கள், பிள்ளைகளை விடாதீர்கள். குழுவில் யார்மேல் கசப்போ அவரிடம் விடுப்புக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு போனதாகத்தான் அவர் நினைப்பார். பாட ஆயத்தத்தை சனிக்கிழமை ராத்திரியிலிருந்து வாரத்தின் நடுவில் ஒரு காலை நேரத்துக்கு மாற்றுங்கள், முதலில் உங்களுக்காக அந்தப் பகுதியை வாசியுங்கள், பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.