புதிதாகச் சேர்க்கப்பட்ட அச்சோவியங்களின் கண்காட்சியை எப்படிப் பார்ப்பது?

மைக்கோடு:
அருங்காட்சியகம் ஒன்று அண்மையில் தன் சேகரிப்பில் சேர்த்த அச்சோவியங்கள் (மை பூசிய தகடு போன்றவற்றிலிருந்து தாளில் எடுக்கும் படங்கள்), கோட்டோவியங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஒரே கூடத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறது. ஒரு கலைஞரையோ ஒரு காலத்தையோ பற்றிய கண்காட்சி என்றால் பார்ப்பவருக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடும். இங்கோ பதினேழாம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டு அச்சுக்குப் பக்கத்திலேயே கறுப்பு வெள்ளை ஒளிப்படம் தொங்குகிறது. என் ஐயம் குறிப்பாக அச்சோவியங்களைப் பற்றியது. ஒரே தகட்டிலிருந்து பல தாள்கள் எடுக்கப்பட்டு அவை பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கும்போது, சில வேளைகளில் தன்னிடமே ஒரு தாள் இருக்கும்போதும், இன்னொன்றைப் பணம் கொடுத்து வாங்குவதில் என்ன நியாயம் இருக்கிறது? அப்படி வாங்கியதையும் சில மாதங்களில் பெட்டிக்குள் வைத்துவிடுவார்களாம்.

தகடும் தாளும்:
ஒரே தகட்டிலிருந்து வந்த தாள்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்ற எண்ணத்திலிருந்து உங்கள் ஐயம் பிறக்கிறது. அவை அப்படி இருப்பதில்லை. டிரைபாயிண்ட் முறையில் கலைஞர் ஊசியால் செம்பை நேரடியாகக் கீறும்போது கோட்டின் ஓரத்தில் உலோகப் பிசிறு எழுந்து நிற்கும். மை அந்தப் பிசிறில் தங்குவதால்தான் முதலில் எடுக்கும் தாள்களில் கோடு வெல்வெட் துணியைப் போன்ற அடர்ந்த கருமையோடு விழுகிறது. அச்சுப்பொறியின் அழுத்தத்தில் பிசிறு விரைவிலேயே நசுங்கிவிடும். பிறகு எடுக்கும் தாள்களில் மெலிந்த கீறல் மட்டுமே எஞ்சும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் செய்த ‘மூன்று சிலுவைகள்’ தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவரே அதைச் சுரண்டியும் புதிய கோடுகளை அழுத்தி இட்டும் மாற்றினார். முன்பு தெளிவாகத் தெரிந்த மனிதர்கள் பலர் அதில் இருளுக்குள் போய்விட்டார்கள். முந்தைய நிலைத் தாளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் பிந்தையதைத் தேடி வாங்கினால், அது கையில் இல்லாத ஒரு படைப்பையே வாங்குகிறது. ஸ்பானிய ஓவியர் கோயாவின் ‘போரின் பேரழிவுகள்’ இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. அவர் 1828இல் இறந்தார். 80 தகடுகள் கொண்ட அந்த வரிசை தொகுப்பாக வெளிவந்தது 1863இல்தான். ஆகவே இன்று நாம் காணும் தாள்களில் பெரும்பாலானவை அவர் கண்ணில் படாதவை. அவர் காலத்திலேயே சோதனைக்காக எடுக்கப்பட்ட ஒரு தாள் விற்பனைக்கு வந்தால், 1863ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாக வைத்திருப்பவர்களும் அதை வாங்க முன்வருவார்கள், முன்வரவும் வேண்டும்.

கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நேராக நின்று பார்ப்பதை விட்டுவிட்டு, சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து தாளின் ஓரத்தைக் கவனியுங்கள். செப்புத்தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றிச் சட்டம்போலத் தெரியும். பழைய சேகரிப்பாளர்கள் ஓரங்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்ததால், பள்ளமும் அதற்கு வெளியே வெற்றுத் தாளும் எஞ்சியிருந்தாலே மதிப்புக் கூடிவிடும்.

இருட்டறை:
ஒளிப்படத்துக்கும் இது பொருந்தும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் எடுத்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ படத்தின் தொடக்கக்கால அச்சுகளில் வானத்து மேகங்கள் தெரியும்; பிற்கால அச்சுகளில் வானம் ஏறத்தாழ முழுக்கறுப்பு. நெகட்டிவ் ஒன்றுதான் என்றாலும், இருட்டறையில் அவர் எடுத்த முடிவுகள் காலப்போக்கில் மாறின. அதனால்தான் விவரச்சீட்டில் எடுத்த ஆண்டோடு அச்சிட்ட ஆண்டையும் போடுகிறார்கள். இரண்டாவது ஆண்டைக் குறிப்பிடாத சீட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஐயப்பாட்டாளர்:
மேலே சொன்னவை சரி. ஆனால் எல்லாச் சேர்க்கைக்கும் இவ்வளவு நுட்பமான காரணம் இருப்பதாக நம்பிவிட வேண்டாம். விவரச்சீட்டின் கடைசி வரியைப் படியுங்கள். ‘அன்பளிப்பு’, ‘உயில்வழிக் கொடை’, ‘வாங்கப்பட்டது’ என்று அங்கே இருக்கும். கொடையாக வந்தவற்றில் கொடுத்தவரின் ரசனைதான் பெரும்பாலும் தெரியும். வாங்கியவற்றில்தான் காப்பாட்சியர் எதைத் தேடுகிறார் என்பது புலப்படும். நான் முதலில் வாங்கியவற்றை மட்டும் பார்த்து ஒரு சுற்று வருவேன். நீங்கள் தேடும் பிடிமானம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய கோட்டோவியங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவை யார் யார் கையில் இருந்தன என்ற உடைமை வரலாறு முக்கியம். குறிப்பாக ஐரோப்பாவில் இருந்தவற்றுக்கு 1933 முதல் 1945 வரையிலான இடைவெளி விளக்கப்படாமல் இருந்தால், நாஜிகள் பறித்த சொத்தாக இருக்குமோ என்ற கேள்வி எழும். தாளின் மூலையில் கடுகளவு முத்திரை ஒன்று தெரிந்தால், அது பழைய சேகரிப்பாளர் ஒருவரின் அடையாளக் குறியாக இருக்கலாம். அத்தகைய குறிகளைத் தொகுத்து டச்சு சேகரிப்பாளரும் ஆய்வாளருமான ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். ஒரு தாளின் பயணத்தை ஆய்வாளர்கள் இன்றும் அதை வைத்துத்தான் தடம்பிடிக்கிறார்கள்.

மைக்கோடு:
மூவருக்கும் நன்றி. வாங்குவதன் நியாயம் இப்போது விளங்குகிறது. ஆனால் இவ்வளவு தேடி வாங்கியதை ஒளித்து வைப்பது ஏன் என்பதற்கு யாரும் விடை சொல்லவில்லையே.

தகடும் தாளும்:
தாளில் உள்ள படைப்புகளுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சத்தையே அனுமதிக்கிறார்கள். கூடம் மங்கலாக இருப்பது அதனால்தான். வெளிச்சம் ஏற்படுத்தும் கேடு கூடிக்கொண்டே போகும், திரும்பாது. நாளுக்கு 8 மணி நேரம் என்று 90 நாள் வைத்தால், அந்த மங்கலான ஒளியிலேயே 36,000 லக்ஸ் மணி ஆகிவிடுகிறது. நீர்வண்ணமும் முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆல்புமென் ஒளிப்படங்களும் இதில் மிகவும் நலிந்தவை. எனவே சில மாதக் காட்சிக்குப் பிறகு பல ஆண்டு ஓய்வு கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் பெட்டிக்குள் போன தாள் பார்வையிலிருந்து மறைந்துவிடுவதில்லை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சோவியங்களை வைத்திருக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உட்படப் பல இடங்களில் இதற்கென்றே பார்வையாளர் ஆய்வறை உண்டு. கண்காட்சியில் பிடித்த படத்தின் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு முன்கூட்டியே எழுதிக் கேட்டால், அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் இல்லாமல் மேசையில் எடுத்து வைப்பார்கள். கை கழுவிவிட்டுப் போங்கள். பேனாவுக்கு அனுமதி இருக்காது, பென்சில் எடுத்துச் செல்லுங்கள்.