மறு: இன்வெர்ட்டருக்குத் தமிழ்ச் சொல் – ‘ஆடலாக்கி’, ‘நேராக்கி’ என்னும் இணை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

தங்கிப் பயணம் செய்வதற்கான வீட்டுவண்டிகளில் (கேம்பர்வேன்) சூரியத் தகடு பொருத்துவோருக்கான கையேட்டில், பேட்டரியின் நேரோட்டத்தை (டி.சி.) வீட்டுக் கருவிகளுக்கு வேண்டிய மாறுதிசை மின்னோட்டமாக (ஏ.சி.) ஆக்கும் இன்வெர்ட்டரை எந்தச் சொல்லால் குறிப்பது என்ற உரையாடலில் இதுவரை மூன்று கருத்துகள் வந்துள்ளன. ஈப்போ அன்பர் ‘தலைகீழாக்கி’ என்றார். சென்னை நண்பர் ‘நேர்மாற்றி’ என்றார். கோலாலம்பூரில் ஆசிரியப் பணியில் இருக்கும் அம்மையார், மக்களுக்குப் புரிந்த ‘இன்வெர்ட்டர்’ இருக்கும்போது புதுச் சொல் எதற்கு என்று கேட்டிருந்தார். மூன்றையும் எண்ணிப் பார்த்த பிறகே நான்காவதாக ‘ஆடலாக்கி’ என்பதையும், அதற்கு இணையாக, எதிர்வேலையைச் செய்யும் ரெக்டிஃபையருக்கு ‘நேராக்கி’ என்பதையும் முன்வைக்கிறேன். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருளுங்கள்.

அம்மையாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இன்வெர்ட்டர் மக்களுக்குப் புரிந்த சொல்தான். ஆனால் எந்த ஊரில் என்ன பொருளில் புரிந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அச்சொல்லைச் சொன்னால், மின்வெட்டு நேரத்தில் மின்விசிறியை ஓடவைக்கும், பேட்டரியோடு கூடிய பெட்டி நினைவுக்கு வரும். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ சொன்னால் பெரும்பாலோர் ஏர்கானைத்தான் நினைப்பார்கள். அந்த ஏர்கானுக்குள் வீட்டு மின்சாரம் முதலில் நேரோட்டமாகி, பின்னர் வேண்டிய அதிர்வெண்ணில் மீண்டும் மாறுதிசை மின்னோட்டமாகிக் கம்ப்ரசருக்குச் செல்கிறது. கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது அதனால்தான். வீட்டுவண்டிக்காரருக்கு இது முக்கியமான செய்தி. பழைய வகைக் கம்ப்ரசர், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைத் தொடங்கும் நொடியில் இழுக்கும். இந்த வகை மெல்லத் தொடங்குவதால் சிறிய இன்வெர்ட்டரே தாங்கிக்கொள்ளும். ஆகவே கையேட்டில் ‘இன்வெர்ட்டர் ஏர்கானாக இருந்தால் சிறிய இன்வெர்ட்டர் போதும்’ என்று எழுத நேர்கிறது. முதன்முறையாகப் படிப்பவர் அந்த வாக்கியத்தில் தடுமாறுவது உறுதி.

‘தலைகீழாக்கி’ என்பதற்கு மலாய் மொழியில் இன்வெர்ட்டரைக் குறிக்கும் ‘பெஞோங்சாங்’ துணை நிற்கிறது என்று ஈப்போ அன்பர் எழுதியிருந்தார். ‘சோங்சாங்’ என்றால் தலைகீழ், எதிர்மாறு என்பது சரியே. ஆயினும் ஆங்கிலச் சொல் பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். மாறுதிசை மின்னோட்டத்தை நேரோட்டமாக்கும் சுழல் எந்திரங்கள் முன்பு வழக்கத்தில் இருந்தன. அதே எந்திரத்தை எதிர்வழியில் ஓட்டி, நேரோட்டத்தைக் கொடுத்து மாறுதிசை மின்னோட்டத்தை எடுத்தபோது அதைத் ‘தலைகீழாக ஓடும் எந்திரம்’ என்றார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் டேவிட் பிரின்ஸ் 1925இல் எழுதிய கட்டுரை ஒன்று ‘இன்வெர்ட்டர்’ என்பதையே தலைப்பாகக் கொண்டு, நேராக்கும் வேலையின் மறுபக்கம் என்ற பொருளில் அதை நிலைநிறுத்தியது. அங்கே தலைகீழானது வேலையின் திசையே தவிர மின்சாரம் அன்று. நேராக்கும் எந்திரத்தை முன்பே அறிந்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருள்பட்டது. நம் வாசகருக்கோ ‘எதன் தலைகீழ்?’ என்ற கேள்விதான் மிஞ்சும்.

‘நேர்மாற்றி’ கணக்குப் பாடத்தின் ‘நேர்மாறு’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதை உணர்கிறேன். ஆனால் ‘நேர்’ என்ற அடைமொழி மின்னியலில் நேரோட்டத்தை நினைவூட்டும். நேரோட்டத்தை மாற்றுவதா, நேரோட்டமாக மாற்றுவதா என்று அச்சொல் காட்டவில்லை. இரண்டாவது பொருளில் எடுத்துக்கொண்டால் அது ரெக்டிஃபையராகவே ஆகிவிடும். மேலும் ‘மாற்றி’ என்ற ஈறு ஏற்கெனவே சுமை மிகுந்தது. டிரான்ஸ்ஃபார்மரை மின்மாற்றி என்கிறோம்.

இது ஏட்டளவிலான கவலை அன்று. ஒரு வீட்டுவண்டியின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகளைப் பாருங்கள். கூரைத் தகட்டிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றவாறு ஒழுங்குபடுத்துவது ஒன்று. வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை நிரப்புவது ஒன்று. முகாமில் 230 வோல்ட் இணைப்புக் கிடைத்தால் அதிலிருந்து நிரப்புவது ஒன்று. பேட்டரியிலிருந்து 230 வோல்ட் எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. நான்கும் ஏதோ ஒன்றை மற்றொன்றாக மாற்றுகின்றன. நான்கையும் ‘மாற்றி’ என்று சொல்ல இடமுண்டு. பினாங்கின் தெலுக் பஹாங்கில் வண்டியை நிறுத்தியிருந்த உறவினர் ஒருவருக்கு, வண்டியைக் கட்டிக்கொடுத்த பட்டறைக்காரர் தொலைபேசியில், ‘அந்த மாற்றிக்குப் போகும் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், அண்ணே’ என்றார். அவர் சொன்னது இன்வெர்ட்டரை. அண்ணன் கழற்றியது பக்கத்துப் பெட்டியாகிய சூரிய மின்னேற்றக் கட்டுப்படுத்தியின் ஒயரை. உச்சி வெயில், கூரையில் தகடுகள் முழு அழுத்தத்தோடு நின்றன. அத்தகைய கட்டுப்படுத்திக்கு இணைக்கும்போது பேட்டரி முதலில், தகடு பிறகு. கழற்றும்போது தகடு முதலில், பேட்டரி கடைசியில் என்பது விதி. முறை மாறினால், எடுத்துச் செல்ல இடமில்லாத தகட்டு மின்னழுத்தம் சில வகைக் கருவிகளின் உள்சுற்றைப் பழுதாக்கிவிடும். அன்று எண்திரை அணைந்தது. பிறகு எரியவே இல்லை. எந்தப் பெட்டி என்பதைச் சொல்லே காட்டியிருந்தால் அது நடந்திராது.

ஆகவே நம் சொல், அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வருவது என்ன என்பதைச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதத்தின் மையம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மாறுதிசை மின்னோட்டத்துக்கு ‘ஆடலோட்டம்’ என்றும் மற்றதற்கு ‘நேரோட்டம்’ என்றும் வழங்குகிறார்கள். ஊசல் ஆடுகிறது, ஊஞ்சல் ஆடுகிறது என்று நாம் சொல்லும் அதே ஆடல்தான்: நொடிக்கு 50 முறை இப்புறமும் அப்புறமும் சென்று திரும்பும் மின்னோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. ஆடலோட்டத்தை ஆக்குவது ஆடலாக்கி. நேரோட்டத்தை ஆக்குவது நேராக்கி. மேலே சொன்ன ஏர்கானுக்குள் ஒரு நேராக்கியும் அதைத் தொடர்ந்து ஓர் ஆடலாக்கியும் இருக்கின்றன என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். செயலைக் குறிக்க ஆடலாக்கம், நேராக்கம் என்ற பெயர்களும் தாமே கிடைக்கின்றன.

சொல் நடைமுறையில் நிற்குமா என்று பார்க்க, கையேட்டின் பழுதறிதல் பகுதியில் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

‘1000 வாட் கெட்டிலை இயக்கியதும் ஆடலாக்கி, மின்னழுத்தம் குறைந்ததற்கான எச்சரிக்கையாகக் கூவத் தொடங்கினால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அந்தச் சுமைக்கு ஏறத்தாழ 90 ஆம்பியர் செல்ல வேண்டும். பேட்டரிக்கும் ஆடலாக்கிக்கும் இடையே 5 மீட்டர் தொலைவிருந்து, 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால், போக வர 10 மீட்டர் செம்பிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடுவோம். ஒயரும் ஆபத்தான அளவுக்குச் சூடேறும். பேட்டரியின் முனைகளில் 12.8 வோல்ட் நிற்கும்போதே ஆடலாக்கியின் முனைகளில் 11 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். அது கூவுவது அதனால்தான். கெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு இடத்திலும் மீட்டரை வைத்து அளவெடுங்கள். வேறுபாடு மிகுதியாக இருந்தால் கோளாறு ஒயரிலோ முனை இறுக்கத்திலோ உள்ளது. 35 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாறினால் இழப்பு அரை வோல்ட் அளவுக்குக் குறையும். ஆடலாக்கியைப் பேட்டரிக்கு அருகில் நகர்த்துவது இன்னும் நல்லது.’

இதை ஒரு வயர்மேன் நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். முதல் வரியில் மட்டும் ‘ஆடலாக்கி என்றால் இன்வெர்ட்டர்தானே?’ என்று கேட்டார். அதன்பின் எங்கும் நிறுத்தவில்லை. ஆகவே கையேட்டில் முதல் இடத்தில் இரு சொல்லையும் சேர்த்து எழுதி, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் தொடரலாம். பேச்சில் இன்வெர்ட்டர் என்பவர்களை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

இதனோடு தொடர்புடைய இன்னொரு நன்மையும் உண்டு. மலிவு வகைப் பெட்டிகளின் மேல் ‘மாடிஃபைடு சைன்’ என்று அச்சிட்டிருக்கும். அலைகாட்டியின் திரையில் பார்த்தால் அது, வீட்டு மின்சாரத்தைப் போலச் சீராக ஏறி இறங்கும் சைன் அலையின் திருத்தமே அன்று, மேலும் கீழும் படி வைத்த சதுர அலை. நாம் அதைப் ‘படியலை ஆடலாக்கி’ என்றும் மற்றதைச் ‘சைன் அலை ஆடலாக்கி’ என்றும் எழுதினால், மோட்டார் ஏன் சூடாகிறது, சில மின்னேற்றிகள் ஏன் இரைகின்றன என்பதைப் படிப்பவர் சொல்லிலிருந்தே ஊகித்துக்கொள்வார். விற்பனைப் பெயரைவிட உண்மைக்கு நெருக்கமான பெயர் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கட்டுப்படுத்திக்கும் ஆல்டர்னேட்டர் வழி மின்னேற்றிக்கும் இப்போதுள்ள பெயர்களே போதும்.

‘ஆடல்’ என்றால் நடனம் என்று எண்ணிவிட மாட்டார்களா என்ற ஐயம் எழலாம். ஊசலாட்டம் என்பதை யாரும் நடனமாக எண்ணுவதில்லை. சொல்லின் சூழல் பொருளைக் காத்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது. பல ஆடலாக்கிகளின் வெளியீட்டில் எந்த முனையும் வண்டியின் உலோக உடலோடு இணைந்திருக்காது. அந்நிலையில் கசிவு மின்னோட்டக் காப்புச் சுவிட்சு இருந்தும் பயன்படாது. அதனால் நியூட்ரல் முனையை ஓரிடத்தில் வண்டியுடலோடு பிணைக்கிறார்கள். முகாமின் மின் இணைப்பில் செருகும்போதோ அந்தப் பிணைப்பு விலக வேண்டும். விலகாவிட்டால் முகாமின் காப்புச் சுவிட்சு டிரிப் ஆகும். ‘புவித்தொடுப்பு’ என்ற சொல் எர்த் இணைப்பு முழுவதையும் குறிப்பதால், இந்த ஒரு பிணைப்பை மட்டும் குறிக்க அது போதாது. ‘நியூட்ரல் பிணைப்பு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். மின்பணியில் நேரடி அனுபவமுள்ள அன்பர்கள், குறிப்பாக இலங்கை வழக்கை அறிந்தவர்கள், இதற்குத் தங்கள் பட்டறைகளில் வழங்கும் சொல்லை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பட்டர்வொர்த், பினாங்கிலிருந்து